மோரிஸ் மைனர் பிக்கப் ஹாட் ராட்: தரைக்கு அடியில் பிரேக் மாஸ்டர் பம்ப், பெடல் அளவு சரியா?

கெப்போங்_மோரிஸ்

எல்லாருக்கும் வணக்கம். ஹாட் ராட்டா (பழைய வண்டியில் வேற எஞ்சின் போட்டு மாத்திக் கட்டுறது) கட்டுற வண்டி மோரிஸ் மைனர் பிக்கப் கேபின். அடியில் சொந்தமா அடிச்ச ஏணிச் சேசிஸ், 100×50×3 மி.மீ. பெட்டி இரும்பு. எஞ்சின், கியர்பாக்ஸ் ரெண்டும் ஹாஃப்கட்டில் (பாதியா வெட்டி விக்கிற பழைய கார்) வந்த நிசான் எஸ்ஆர்20, டர்போ இல்லாதது. முன்னால் டிஸ்க், ஒரு காலிப்பருக்கு ஒரே பிஸ்டன், 54 மி.மீ. பின்னால் டிரம், வீல் பம்ப் 20.6 மி.மீ. எல்லாம் முடிஞ்சா எடை 850 கிலோவுக்குப் பக்கத்தில் நிக்கும்.

பழைய ஒற்றை சர்க்யூட் மாஸ்டர் பம்ப்பை (பெடல் மிதிச்சா பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குத் தள்ளுறது) கழட்டிப் போட்டாச்சு. இப்போ சேசிஸோட வலது நீளச் சட்டத்தில், அதாவது ரெயிலில், தரைக்கு அடியிலேயே இரட்டை சர்க்யூட் பம்ப் (ஒரு பக்கம் ஒழுகினாலும் மறுபக்கம் பிடிக்கிறது) மாட்டணும். பெடல் கை 12 மி.மீ. தட்டில் வெட்டி வெச்சிருக்கேன். ஸ்டியரிங் ஷாஃப்ட் குறுக்கே வர்றதால கை நடுவில் வளைவு உண்டு. பெடல் சுழலுற அச்சுக்கு (பிவட்) மேல் பக்கம் 270 மி.மீ., கீழ்ப் பக்கம் 45, ஆக 6:1. பெடல் பிவட் பிராக்கெட் ரெயிலின் உள்பக்கம், பம்ப் அதுக்குப் பின்னால் குறுக்குச் சட்டத்தில்.

கேள்விகள் இதுதான். பம்ப் போர் (உள் விட்டம்) 7/8 இஞ்சா, 1 இஞ்சா? ஹாஃப்கட் கடையில் புரோட்டான் வீரா கார் பம்ப் மலிவா கிடைக்குது, போடலாமா? பூஸ்டர் (எஞ்சின் வாக்குவத்தால் மிதிக்கு உதவுற உருளை) வேணுமா? எக்ஸாஸ்ட் பைப்பும் அதே வலது பக்கம்தான் ஓடுது, பம்ப்புக்கும் அதுக்கும் நடுவில் 30 மி.மீ. இருக்கு. போதுமா?

செந்தூல்_லேத்

தம்பி, போர் அளவு கடைசிக் கேள்வி. அதை முதல்ல கேட்டுட்டீங்க. பெடலைப் பார்ப்போம்.

270-ஐ எப்படி அளந்தீங்க? வளைவு மேலேயே டேப்பை ஓட்டி அளந்திருந்தா அது கணக்கில் சேராது. பிவட் மையத்திலேர்ந்து மிதிக்கிற தட்டோட மையம் வரைக்கும் நேர்கோடு. கை எப்படி வளைஞ்சாலும் சரி, கோடு நேராதான் போகணும். கீழேயும் அப்படித்தான்: பிவட் மையத்திலேர்ந்து புஷ் ராட் (பம்ப்பைத் தள்ளுற கம்பி) போற கோட்டுக்குச் செங்குத்தா எவ்வளவு தூரம், அதுதான் அளவு. அட்டையில் பெடலை அச்சு எடுத்து, சுவரில் ஒட்டி, ஸ்கேல் வெச்சு அளந்துட்டு நம்பரைப் போடுங்க.

அடுத்தது பிராக்கெட். பிவட் ஒரு இடம், பம்ப் இன்னொரு இடம்னு எழுதியிருக்கீங்க. அது வேணாம். ஏன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. பயத்தில் ஒரு ஆள் 100 கிலோ அழுத்துவார். 6:1-ல புஷ் ராட்டில் 600 கிலோ. உங்க பெடலுக்கு பிவட் நடுவில், புஷ் ராட் கீழே, பம்ப் பின்னால். கால் பெடலை முன்னால தள்ளுது, புஷ் ராட்டோட எதிர்விசையும் பெடலோட கீழ் முனையை முன்னாலதான் தள்ளுது. ரெண்டும் சேர்ந்து 700 கிலோ பிவட் பிராக்கெட்டை முன்னால தள்ளும், 600 கிலோ பம்ப்பைப் பின்னால தள்ளும். ரெண்டு பிராக்கெட்டும் தனித்தனியா நின்னா ஒண்ணை விட்டு ஒண்ணு விலகும். 3 மி.மீ. பெட்டிச் சுவர் மூச்சு விடுற மாதிரி உள்ளே வெளியே போகும். 1 மி.மீ. விலகினா பெடலில் 6 மி.மீ. வீண். ஆள் அதை ஆயில் லைனில் சிக்கின காற்றுன்னு நினைச்சு நாள் முழுக்கக் காற்று எடுத்துட்டு இருப்பார்.

அதனால பிவட், பம்ப் ரெண்டையும் ஒரே 8 மி.மீ. தட்டில் வைங்க. விசை அந்தத் தட்டுக்குள்ளேயே முடிஞ்சிடும், சேசிஸுக்கு மிச்சமா போறது காலோட 100 கிலோ மட்டும்தான். பம்ப் உட்கார்ற நிமிர்ந்த தட்டுக்கு ரெண்டு பக்கமும் முக்கோணத் தாங்கி போடுங்க. தட்டை ரெயிலில் 10 மி.மீ. போல்ட் நாலு போட்டுப் பிடிக்கலாம், 8.8 தரத்துக்குக் குறைய வேணாம். போல்ட் போற இடத்தில் பெட்டிக்குள்ளே சுவரோடு சுவர் தொடுற மாதிரி குழாய்த் துண்டு வெச்சு வெல்டு அடிங்க. இல்லேன்னா இறுக்க இறுக்கப் பெட்டி நசுங்கும், நசுங்கின பெட்டியில் போல்ட் தானா லூசாகும்.

பிவட்டுக்கு 16 மி.மீ. ஷாஃப்ட், ரெண்டு பக்கமும் காது இருக்கணும். ஒரே பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கிற போல்ட்டில் பிரேக் பெடலைத் தொங்கவிடக் கூடாது. ஷாஃப்ட்டைச் சுத்தி வர்ற புஷ் (உறை) பித்தளை வேணாம், வெண்கலம். நீளம் 50 மி.மீ. வைங்க. 12 மி.மீ. தட்டைச் சும்மா ஓட்டை போட்டு மாட்டினா ஆறு மாசத்தில் பக்கவாட்டு ஆட்டம் வந்துடும். கிரீஸ் நிப்பிள் ஒண்ணு. மழைத் தண்ணி நேரா அடிக்கிற இடம் அது.

பிறை_பிரேக்

லேத் அண்ணன் சொன்ன ஒரே தட்டு விஷயத்தை நானும் வலியுறுத்துகிறேன். மற்றதுக்கு வருகிறேன்.

வீரா பம்ப் வேண்டாம், ரெண்டு காரணம். முன்சக்கர இழுவைக் கார்களில் சர்க்யூட் பெரும்பாலும் குறுக்காகப் பிரிந்திருக்கும்: முன் வலது, பின் இடது ஒரு ஜோடி, மற்றது இன்னொரு ஜோடி. உங்களுக்கு வேண்டியது முன் ஒன்று, பின் ஒன்று. இரண்டாவது காரணம்தான் ஆபத்தானது. பூஸ்டரோடு வந்த பம்ப்பில் பிஸ்டன் பின்பக்கக் குழி ஆழம் குறைவு. பூஸ்டர் ராட் தானாக விலகாது என்பதால் அங்கே ஆழம் தேவைப்படவில்லை. அதில் நேராகப் பெடல் புஷ் ராட்டை வைத்தால், பெடல் துள்ளித் திரும்பும்போது ராட் குழியை விட்டு வெளியே வந்து ஓரத்தில் உட்காரும். அடுத்த மிதியில் பிரேக் கிடையாது. பூஸ்டர் இல்லாத வண்டிக்கான பம்ப்பில் குழி ஆழமாக இருக்கும், புஷ் ராட் நுனி நன்றாக உள்ளே போய் உட்காரும். கடையில் விரலை விட்டுப் பார்த்தாலே தெரியும். பூஸ்டர் இல்லாத வண்டிக்கான இரட்டை பம்ப்தான் கேட்டு வாங்க வேண்டும். ஆஃப்டர்மார்க்கெட்டில் 7/8, 15/16, 1 இஞ்ச் என்று கிடைக்கிறது.

இப்போது போர். உங்கள் அளவுகளை வைத்தே போடுவோம்.

54 மி.மீ. பிஸ்டனின் பரப்பு 22.9 ச.செ.மீ. டிஸ்க் பேட் வெளியே வருவது, ஹோஸ் விரிவது எல்லாம் சேர்த்து 0.5 மி.மீ. நகர்வு என்று தாராளமாக வைத்தால், ரெண்டு காலிப்பருக்கும் 2.3 மி.லி. ஆயில். பின்னால் 20.6 மி.மீ., பரப்பு 3.33, நாலு பிஸ்டன், ஒவ்வொன்றும் 1 மி.மீ. நகர்ந்தால் 1.3 மி.லி. இரட்டை பம்ப்பில் ரெண்டு பிஸ்டனும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) கூட்டிக்கொள்ளப்படும்.

முக்கால் இஞ்ச் போர், பரப்பு 2.85: மொத்தம் 12.7 மி.மீ. ஸ்ட்ரோக், பெடலில் 76 மி.மீ.
7/8 இஞ்ச், பரப்பு 3.88: 9.3 மி.மீ., பெடலில் 56.
1 இஞ்ச், பரப்பு 5.07: 7.1 மி.மீ., பெடலில் 43.

எல்லாவற்றுக்கும் மேலே புஷ் ராட் இடைவெளி 1.5 மி.மீ., அதாவது பெடலில் 9 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள்.

கால் பலத்துக்கு வந்தால்: 850 கிலோ வண்டியை நல்ல தார்ச் சாலையில் வழுக்கும் விளிம்பு வரை நிறுத்த, முன் சக்கரங்கள் ரெண்டும் சேர்ந்து சுமார் 580 கிலோ பிடிக்க வேண்டும். டிஸ்க்கின் பயனுள்ள ஆரம் 105 மி.மீ., டயர் ஆரம் 300, பேட் உராய்வு 0.38 என்று எடுத்தால், 6:1 பெடலில் 7/8 பம்ப்புக்குக் காலில் 31 கிலோ போதும். 1 இஞ்சுக்கு 40 கிலோ. பூஸ்டர் பெடல் மாதிரி 4:1-ஆக இருந்து 1 இஞ்ச் போட்டால் 60 கிலோ. பிரேக்கே இல்லை என்று டிரைவர் சொல்லும் வண்டி அப்படித்தான் பிறக்கிறது. ஆக 7/8, பூஸ்டர் இல்லாமல். இந்த எடைக்குப் பூஸ்டர் தேவையே இல்லை.

பத்துமலை_வி8

பூஸ்டர் தேவையில்லைன்னு ஒரே வரியில் தள்ளிட்டீங்க பிரதர். ரேஸ் காம் போடாத எஸ்ஆர்20 நல்ல வாக்குவம் கொடுக்கும், 7 இஞ்ச் பூஸ்டர் தரைக்கடியில் நுழையும். நாளைக்கு வீட்டுக்காரம்மா ஓட்டணும்னா?

இன்னொண்ணு, எதுக்குத் தரைக்கு அடியில்? டொயோட்டா ஹைலக்ஸ் தொங்கு பெடல் செட்டை அப்படியே ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுச் சுவர்) மாட்டினா பம்ப் மேலே வந்துடும், லைனில் கொஞ்சம் அழுத்தம் பிடிச்சு வைக்கிற ரெசிடுவல் வால்வு, ஹீட் ஷீல்டு ஒண்ணும் வேணாம்.

பிறை_பிரேக்

பூஸ்டர் போட்டால் தவறு என்று சொல்லவில்லை. போட்டால் பெடல் 4:1 ஆக மாற வேண்டும், அதை மறந்து 6:1-லேயே விட்டால் சும்மா கால் வைத்ததும் முன்சக்கரம் கட்டிக்கொள்ளும், மழையில் அது நல்லதில்லை. எக்ஸாஸ்ட் பக்கத்தில் 30 மி.மீ. மட்டும்தான் இடம் என்கிறார். பூஸ்டர் உருளை எங்கே உட்காரும்?

ஃபயர்வால் யோசனை நல்லதுதான், மோரிஸைத் தவிர. அந்தத் தகடு மெலிசு. தொங்கு பெடலில் பம்ப்பைத் தாங்குவது ஃபயர்வால் என்பதால் மிதிக்கும்போது தகடு முன்னால் வயிறு தள்ளும். பெடல் செட்டை டேஷ்போர்டு குறுக்குக் குழாயோடும் ஏ-பில்லரோடும் தாங்கி போட்டுக் கட்ட வேண்டும். தவிர, கேபின் சேசிஸில் ரப்பர் மீது உட்கார்ந்திருக்கிறது. சேசிஸில் கட்டிய பெடல் கேபின் ஆட்டத்தில் சம்பந்தப்படாது.

செந்தூல்_லேத்

அடியில் மாட்டுறது ஸ்டைலுக்கு இல்லை, பழக்கம். ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு வந்ததே 1939-ல. 1932 ஃபோர்டு வெச்சு ராட் கட்டினவங்க 1939-லிருந்து 48 வரைக்கும் வந்த டிரம்மையும் பம்ப்பையும் எடுத்துக் கம்பி பிரேக்குக்குப் பதிலா மாட்டினாங்க, அந்தப் பம்ப் அடியில் இருந்தது. மோரிஸும் அடியில்தான், சேசிஸ் ரெயிலுக்குள்ளே. கார்பெட்டைத் தூக்கித்தான் ஆயில் ஊத்தணும், முன் சஸ்பென்ஷனோட டார்ஷன் பார் குறுக்கே நின்னு போல்ட்டை உருவ விடாது. அந்தப் பாடத்தைக் கத்துக்கிட்டு புதுசில் போல்ட் தலையை ரெயில் பக்கம் வைங்க, நட் வெளியே. பின்னால பம்ப்பைக் கழட்ட வேற எதையும் தொட வேண்டியிருக்காது.

கெப்போங்_மோரிஸ்

லேத் அண்ணே, நீங்க சொன்னதுதான். அட்டையில் அளந்தேன்: நேர்கோடு 240, கீழே 45. 5.3:1 தான் வருது. பெடல் கையை நீட்டினா ஸ்டியரிங் ஷாஃப்ட்டில் இடிக்கும்.

பிவட், பம்ப் ரெண்டையும் ஒரே தட்டுக்கு மாத்துறேன். பெடல் தட்டிலிருந்து ஃபயர்வால் வரைக்கும் 165 மி.மீ. இருக்கு, கார்பெட் இல்லாம. போதுமா? பம்ப் மொத்த ஸ்ட்ரோக் 30.

செந்தூல்_லேத்

மேலே நீட்ட முடியலைன்னா கீழே குறைங்க. புஷ் ராட் ஓட்டையை 40-க்குக் கொண்டு வந்தா 240/40, சரியா 6. ஓட்டையை முட்டை வடிவமா அரத்தால் இழுக்காதீங்க. பழைய ஓட்டையை நிரப்பி வெல்டு அடிச்சு, புதுசா துளை போட்டு ரீமர் விடுங்க. 10 மி.மீ. கிளெவிஸ் பின், ஸ்பிளிட் பின்னோட.

கோணம் ரொம்ப முக்கியம். நிறைய பேர் பெடல் சும்மா நிக்கும்போது கையும் புஷ் ராட்டும் 90 டிகிரி இருக்கிற மாதிரி வைப்பாங்க. பார்க்க அழகா இருக்கும். 40 மி.மீ. கையில் 30 மி.மீ. தள்ளினா கை கிட்டத்தட்ட 49 டிகிரி சாயும், முனை 13 மி.மீ. மேலே ஏறிடும். 120 மி.மீ. புஷ் ராட்டுக்கு அது ஆறு டிகிரிக்கு மேல. பிஸ்டன் ஒரு பக்கமா தேயும், ரப்பர் ஒரு ஓரத்தில் சாப்பிடும். 90 டிகிரி வரவேண்டிய இடம் பிரேக் பிடிக்கிற இடம், அதாவது 10 மி.மீ. தள்ளின பிறகு. அதுக்குக் கீழ்க்கை நிக்கும்போது பம்ப்பை விட்டு 15 டிகிரி முன்னால சாஞ்சிருக்கணும். அப்படி வெச்சா கடைசி வரைக்கும் தள்ளினாலும் மூணு டிகிரிக்குள்ள அடங்கும். தட்டில் பம்ப் ஓட்டை போடுறதுக்கு முன்னாலேயே இதைக் குறிச்சுக்கோங்க, அப்புறம் ஷிம் வெச்சு ஏத்தி இறக்குறது தலைவலி.

பெடலுக்குத் தனியா ஸ்டாப் வேணும், திரும்பி வரும்போது நிக்க. பம்ப்புக்குள்ளே இருக்கிற சர்க்ளிப் பெடலை நிறுத்துறதுக்கு இல்லை. 8 மி.மீ. போல்ட், லாக் நட், நுனியில் ரப்பர். ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் தனி. பிரேக் லைட் சுவிட்சை அந்த ஸ்டாப் பக்கத்திலேயே மாட்டுங்க, பெடல் கையைத் தொடுற பட்டன் சுவிட்ச். லைனில் மாட்டுற பிரஷர் சுவிட்ச் வேணாம். மெதுவா மிதிச்சா லைட் எரியாது, போகப் போக ஒழுகவும் செய்யும்.

பிறை_பிரேக்

165 மி.மீ. போதுமா என்பதுதான் இந்தத் திரியிலேயே நல்ல கேள்வி. எல்லாரும் பிரேக் சரியாக இருக்கும்போது எவ்வளவு என்று பார்க்கிறார்கள். இரட்டை சர்க்யூட் வேலை செய்ய வேண்டியது ஒரு பக்கம் போன நாளில்.

30 மி.மீ. ஸ்ட்ரோக்கை ரெண்டு அறைக்கும் பாதிப் பாதி என்று வைப்போம். டிரம் பக்கம் ஒழுகினால் அந்தப் பிஸ்டன் 15 மி.மீ. சும்மா போய் முட்டி நிற்கும், அதற்குப் பிறகுதான் டிஸ்க் அறை 5.9 மி.மீ. வேலை செய்யும். மொத்தம் 21, பெடலில் 126, இடைவெளி 9 சேர்த்து 135 மி.மீ. பேட் தேய்ந்திருந்தால், லைனில் கொஞ்சம் காற்று இருந்தால் இன்னும் போகும். 150 இருந்தே தீர வேண்டும். உங்களிடம் 165, கார்பெட், சத்தம் தடுக்கும் அட்டை எல்லாம் போட்ட பிறகும் 150-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடிக்கும் முன்னாலேயே பெடல் ஃபயர்வாலில் முட்டிவிட்டால் இரட்டை பம்ப்பும் பழைய ஒற்றைப் பம்ப்பும் ஒன்றுதான்.

கட்டி முடித்ததும் சோதித்துவிடலாம். வண்டி ஸ்டாண்டில். பின் வீல் பம்ப்பில் காற்று எடுக்கும் நிப்பிளில் குழாய் மாட்டி, பாட்டிலில் விட்டு, நிப்பிளைத் திறந்து வையுங்கள். ஒருவர் பெடலை மெதுவாக, அழுத்தமாக மிதிக்கட்டும். பெடல் கீழே போகும், போய் கெட்டியாக நிற்க வேண்டும், அந்த நேரத்தில் முன்சக்கரத்தைக் கையால் சுழற்ற முடியக்கூடாது. மிதித்தபடி பெடல் தட்டுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். பிறகு நிப்பிளை மூடி முன்பக்கம் திறந்து அதே சோதனை.

அடுத்தது ஆயில் பக்கம். பம்ப் அடியில் இருப்பதால் காலிப்பர் அதைவிட உயரத்தில் இருக்கும். ஆயில் மெல்லப் பின்னோக்கி வடியும், பேட் விலகும், முதல் மிதி ஆழமாகப் போகும். இதற்கு டிஸ்க் லைனில் 2 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு, டிரம் லைனில் 10 பிஎஸ்ஐ. அம்புக்குறி சக்கரத்தை நோக்கி இருக்க வேண்டும். ரெண்டையும் மாற்றி மாட்டினால் டிஸ்க்கில் 10 பிஎஸ்ஐ நின்று பேட் விடாமல் உரசும், புகை வரும் வரை தெரியாது. சில பழைய டிரம் பம்ப்களில் லைன் வாய்க்குள்ளேயே ரப்பர் வால்வு இருக்கும். பம்ப் மேசையில் இருக்கும்போதே மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள், மெத்தென்று தடுத்தால் உள்ளே வால்வு உண்டு. அது இருந்தால் டிஸ்க் பக்கத்துக்கு எடுத்துவிட வேண்டும், டிரம் பக்கத்துக்கு இன்னொன்று போடத் தேவையில்லை.

ஆயில் டப்பாவைத் தனியாக ஃபயர்வாலில் உயரமாக வைத்தால் கார்பெட் தூக்கும் வேலை போய்விடும், காலிப்பரை விட மட்டம் மேலே இருப்பதால் 2 பிஎஸ்ஐ வால்வும் வேண்டாம். டிரம்முக்கு 10 இருக்கட்டும். வீல் பம்ப் ரப்பர் வாய் விரிந்தே இருக்க அது உதவும். ஆனால் டப்பாவுக்கும் பம்ப்புக்கும் நடுவில் பெட்ரோல் ஹோஸ் போடாதீர்கள். பெட்ரோல் ஹோஸ் ரப்பர் பிரேக் ஆயிலில் ஊறி ஊதிப்போகும். அதேபோல மண்வாரி ஹைட்ராலிக் ஹோஸ் அடிக்கும் கடையில் பிரேக் ஹோஸ் கிரிம்ப் பண்ணக் கொடுக்காதீர்கள். அவர்கள் ஹோஸ் கனிம எண்ணெய்க்கானது. ஈபிடிஎம் ரப்பர் உள்ள பிரேக் ஹோஸ்தான் வேண்டும். பிரேக் ரப்பரைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினாலும் அதே கதி. சோப்புத் தண்ணீர், இல்லை புது பிரேக் ஆயில்.

பத்துமலை_வி8

லைன் நட் பற்றி யாரும் எழுதலையே. அமெரிக்கப் பம்ப் வாங்கினா வாய் 3/8-24 நூலா (மரை) இருக்கலாம். நம்ம ஜப்பான் பார்ட்ஸ் எம்10×1.0. 3/8-24 நட் எம்10 ஓட்டையில் கையாலேயே ஏறும், இறுகின மாதிரியும் இருக்கும். விட்டம் கிட்டத்தட்ட அரை மி.மீ. குறைவு, நூல் நுனியை மட்டும் பிடிச்சுட்டு நிக்கும். ஒரு தடவை வேகமா மிதிச்சா உருவிட்டு வரும். நட்டை வெர்னியரில் அளந்துட்டு மாட்டுங்க: 9.5-ஆ, 10-ஆ.

ஃபிளேரும் (குழாய் முனையை விரிக்கிற விதம்) அப்படித்தான். ஜப்பான் வண்டியில் டபுள் ஃபிளேர், ஐரோப்பா வண்டியில் காளான் மாதிரி பபிள் ஃபிளேர், நட் நூல் ரெண்டுக்கும் ஒரே எம்10×1.0. ஒண்ணை ஒண்ணில் போட்டா முதல்ல ஒழுகாது, அப்புறம் ஒழுகும். சிங்கிள் ஃபிளேர் பிரேக்குக்கே கிடையாது. குழாய் 4.75 மி.மீ., ஸ்டீல் இல்லைன்னா குப்ரோ நிக்கல். ஏர்கான் செம்புக் குழாய் வளைக்கச் சுலபம்னு போடாதீங்க, அதிர்வில் கெட்டியாகி வெடிக்கும்.

30 மி.மீ. எக்ஸாஸ்ட் இடைவெளி கம்மி. பைப்பை 75 தள்ளிக் கொண்டு போங்க, முடியலைன்னா 50 மி.மீ. விட்டு அலுமினியத் தகடு, தகட்டுக்கும் பம்ப்புக்கும் நடுவே காற்று ஓடணும். ஃபெடரல் ஹைவேயில் மாலை ஜாமில் நின்னா காற்று ஓட்டம் ஒண்ணும் இருக்காது.

பிறை_பிரேக்

நூல் விஷயம் நான் விட்டுப்போனது, நன்றி. சூடு பேச்சு வந்ததால்: டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக 230 டிகிரியில் கொதிக்கும், ஈரம் இழுத்த பிறகு 155 வரைக்கும் இறங்கும். டாட் 3-க்கு அது 205-ம் 140-ம். நம்மூர் ஈரக்காற்றில் மூடியைத் திறந்து வைத்த டின்னை அடுத்த மாதம் ஊற்றக் கூடாது. வருடம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். பெயிண்ட் கெடாது என்று சிலிகான் டாட் 5 சொல்வார்கள். காற்றுக் குமிழி அதில் லேசில் விலகாது, டாட் 4-உடன் கலக்கவும் கூடாது. டாட் 5.1 வேறு, அது டாட் 4 மாதிரி கிளைக்கால் வகை.

கெப்போங்_மோரிஸ்

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். ஒரே தட்டு அடிச்சாச்சு, 240/40, 7/8 பம்ப், டப்பா ஃபயர்வாலில், எக்ஸாஸ்ட் 70 தள்ளியாச்சு. டிரம் லைனில் 10 பிஎஸ்ஐ வால்வும் அட்ஜஸ்ட் பண்ற பிரபோர்ஷனிங் வால்வும் (பின் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கிறது).

ரெண்டு பிரச்சனை. ஒண்ணு, மூணு தடவை காற்று எடுத்தும் பெடல் பஞ்சு மாதிரி. லேத் அண்ணன் சொன்ன விலகல் இருக்கான்னு தட்டில் டயல் கேஜ் வெச்சுப் பார்த்தேன், 0.1 மி.மீ. கூட அசையலை. ரெண்டு, கொல்லையில் பத்து நிமிஷம் முன்னும் பின்னும் ஓட்டினா முன்சக்கரம் இறுகுது, ஆறினா விடுது.

செந்தூல்_லேத்

காலிப்பர் நிப்பிள் மேலேயா கீழேயா?

கெப்போங்_மோரிஸ்

மேலேதான். அதை முதல்லயே பார்த்துட்டேன், வலது இடது மாறலை.

செந்தூல்_லேத்

அப்போ வண்டி நிக்கிற சாய்வு. ஹாட் ராட்டுக்கு மூக்கு தாழ்ந்து, பின்பக்கம் தூக்கித்தானே நிக்கும்? உங்க பம்ப்போட மூடின முனை பின்பக்கம் பார்த்து இருக்கு. பின்பக்கம் உயரம்னா காற்று அந்த முனையில்தான் போய் உட்காரும், லைன் வாய் வழியா வெளியே வராது. முன்பக்கத்தை ஜாக் போட்டுத் தூக்குங்க, பம்ப் மேலே லெவல் வெச்சு, மூடின முனை கொஞ்சம் தாழ்ந்து நிக்கிற வரைக்கும். அப்புறம் பம்ப் வாயிலேயே லைன் நட்டைக் கால் சுற்று லூஸ் பண்ணி முதல்ல அங்கே எடுங்க, கீழே துணி வெச்சு. பிறகு தூரத்து சக்கரம், உங்களுக்குப் பின் இடது. அடுத்து பின் வலது, முன் இடது, முன் வலது. பெடலைப் படக் படக்குனு மிதிக்காம மெதுவா.

பிறை_பிரேக்

இறுகுவது புஷ் ராட் இடைவெளி. பம்ப்புக்குள் ரப்பருக்கு நேர் முன்னால் ஊசி முனை அளவு ஒரு துளை இருக்கும், பெடல் சும்மா நிற்கும்போது அது திறந்திருக்க வேண்டும். ஆயில் சூடேறி விரியும்போது அந்த வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்பும். புஷ் ராட் ஒரு மி.மீ. நீளமாக இருந்தால் ரப்பர் அந்தத் துளையை மூடியே நிற்கும், விரிந்த ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை, காலிப்பர் பிடிக்கும், பிடித்ததால் இன்னும் சூடாகும்.

பார்க்க வழி: டப்பாவிலிருந்து வரும் டிஸ்க் பக்க ஹோஸைப் பம்ப் மேலிருந்து கழற்றி, அந்த வாயில் ஒரு சாண் கண்ணாடி மாதிரித் தெரியும் குழாயை நிமிர்த்தி மாட்டி, பாதி ஆயில் ஊற்றுங்கள். டார்ச் அடித்தபடி பெடலைக் கையால் மெல்ல அழுத்தினால் குழாயில் ஆயில் சட்டென்று ஒரு துளி அளவு மேலே துள்ளும், பிறகு நிற்கும். நின்ற நொடிதான் துளை மூடியது. ராட் 1.5 மி.மீ. வெறுமனே நகர்ந்த பிறகு அந்தத் துள்ளல் வந்தால் சரி. துள்ளலே இல்லை என்றால் துளை முதலிலிருந்தே மூடிக் கிடக்கிறது. பெடல் ஸ்டாப்பையும் பாருங்கள், பெடல் கையை முழுசாகத் திரும்ப விடாமல் பிடித்திருக்கலாம்.

கெப்போங்_மோரிஸ்

ஸ்டாப்தான். ரப்பர் தலை 3 மி.மீ. அதிகம், அதைக் குறைச்சு லாக் நட் இறுக்கினதும் ஆயில் துள்ளுது, இறுகல் போயிடுச்சு. முன்பக்கம் தூக்கிக் காற்று எடுத்தப்போ பம்ப் வாயிலிருந்து மட்டும் ஒரு நிமிஷம் குமிழி வந்தது. இப்போ பெடல் 60 மி.மீ.யில் கல்லு மாதிரி நிக்குது. நிப்பிள் திறந்து சோதனை: பின்பக்கம் திறந்தா 131-ல நின்னுச்சு, முன்பக்கம் திறந்தா 118.

பிரபோர்ஷனிங் வால்வை எங்கிருந்து தொடங்கணும்?

பிறை_பிரேக்

பின்பக்கம் மிகக் குறைவாக இருக்கும் நிலையில் தொடங்குங்கள். இந்த மாதிரி வண்டிக்குப் பின்னால் எடையே கிடையாது, காலி பிக்கப் பின்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி சுற்றிவிடும். ஆள் இல்லாத இடத்தில், காய்ந்த தரையில், 40 கி.மீ. வேகத்தில் பலமாக மிதித்து, ஒரு ஆள் வெளியே நின்று எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று பார்க்கட்டும். கால் சுற்று கால் சுற்றாகப் பின்பக்கத்தை ஏற்றி, பின்சக்கரம் முன்னதற்குச் சற்று முந்தியதும் அரைச் சுற்று திரும்பி நிறுத்துங்கள். வால்வில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள், புஸ்பகோம் வாகனப் பரிசோதனை ரோலருக்குப் போகும்போது யாராவது தொட்டால் தெரியும்.

செந்தூல்_லேத்

நூறு கிலோமீட்டர் ஓடினதும் தட்டோட நாலு போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்க. பெயிண்ட் அடிச்ச தட்டுக்கு மேலே இறுக்கியிருந்தா கட்டாயம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.